சாலையோர மண் கண்மாய்க்குப் போகாமல் தடுப்பது எப்படி?

கேள்வி: எங்கள் ஊர் ஒன்றியச் சாலையைப் போன ஐப்பசி தொடக்கத்தில் சரிசெய்தார்கள். ஓரக் கால்வாயை ஜே.சி.பி. வைத்துத் தோண்டி, மண்ணைக் கரையிலேயே போட்டுவிட்டுப் போனார்கள். ஒரு வாரத்தில் அடைமழை. 20 சென்ட் நாற்றங்காலில் சரளையும் செம்மண்ணும் ஒரு சாண் உயரம் படிந்துவிட்டது. மீதி மண் கண்மாய் வரத்து வாய்க்காலில் போய் அடைத்துக்கொண்டது. இந்த ஆண்டும் மழைக்கு முன்னால் அதே சாலையில் வேலை நடக்கப் போகிறது. ஏதாவது சொன்னால், 'ரோடு வேண்டாம் என்கிறாயா?' என்று ஊரார் கேட்கிறார்கள். ரோடும் வேண்டும், வயலும் வேண்டும். என்ன செய்யலாம்?
– வாசகர், புதுக்கோட்டை மாவட்டம்

பதில்: சாலை வேலையை நிறுத்தச் சொல்ல வேண்டியதில்லை. பராமரிக்காத சாலையும் மண்ணை அரிக்கும். சக்கரத் தடம் பள்ளமாகி, மழை நீர் அதிலேயே ஓடி, சாலையே ஓடையாகிவிடும். வேலை நடக்க வேண்டும்; ஆனால் எந்த மாதத்தில் நடக்கிறது, கால்வாயை எந்த வடிவில் வெட்டுகிறார்கள், வெட்டிய மண்ணை எங்கே போடுகிறார்கள், நீரை எத்தனை இடத்தில் பிரித்துவிடுகிறார்கள் என்ற நான்கையும் மாற்றினால் போதும். இவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் கூடுதல் செலவு அதிகம் இல்லை. வேலை தொடங்கும் முன்பே கேட்டு வாங்க வேண்டும் என்பதுதான் முக்கியம்.

சாலையில் விழும் நீர் எவ்வளவு?

ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் நீர். ஓரப் பட்டையோடு சேர்த்து 6 மீட்டர் அகலமுள்ள சாலை 1 கிலோமீட்டர் நீளத்துக்கு 6,000 சதுர மீட்டர். அதில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 3 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் அளந்தால் 25 லோடு. வடகிழக்குப் பருவ மழைக் காலத்தில் ஒரே நாளில் இவ்வளவு பெய்வது புதிதல்ல.

உழுத வயலில் விழுந்தால் இதில் ஒரு பங்கு மண்ணுக்குள் இறங்கும். இறுகிய சாலையில் விழுவது ஏறத்தாழ முழுவதும் ஓடிவிடும். அந்த நீர் இரண்டு பக்கமும் பிரிந்து கால்வாயில் இறங்கி, வழியில் வேறு போக்கிடம் இல்லாமல் ஒரே சிறுபாலத்தில் போய்ச் சேர்ந்தால், பக்கத்துக்கு ஒன்றரை லட்சம் லிட்டர் அந்த இடத்தில் முட்டும். மேட்டு நிலங்களிலிருந்து வடியும் நீர் இதற்கு மேல்.

நீரின் வேகம் 2 மடங்கானால் அதன் அரிக்கும் ஆற்றல் 4 மடங்காகும்; அது இழுத்துச் செல்லும் மண்ணின் அளவோ 32 மடங்கு வரை போகும் என்பது மண் பாதுகாப்புப் பாடத்தின் அடிப்படைக் கணக்கு. ஆகவே நீரைத் தேங்க விடாமல் விரைவாக வெளியேற்றிவிட்டால் போதும் என்று நினைத்து வெட்டும் ஆழமான, நேரான கால்வாய்தான் அதிக மண்ணைக் கொண்டுவருகிறது.

1 மீட்டர் அகலமுள்ள கால்வாயின் அடியில் 5 சென்டிமீட்டர் மட்டும் அரித்தாலும், 1 கிலோமீட்டருக்கு 50 கன மீட்டர் மண் போகும். ஊர்க் கணக்கில் 17 யூனிட்டுக்கு மேல். அது கண்மாயில் படிந்தால் 50,000 லிட்டர் நீருக்கான இடம் போயிற்று. வரத்து வாய்க்காலிலேயே படிந்தால் கண்மாய்க்கு நீர் வருவதே குறையும். கேள்வி கேட்டவரின் நாற்றங்காலில் தொடங்கும் நட்டம் மடைக்குக் கீழே உள்ள ஆயக்கட்டு முழுவதையும் தொடும். ஊராரிடம் எடுத்துச் சொல்ல வேண்டியது இதைத்தான்.

வேலைக்கு ஏற்ற மாதம்

தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. புதுக்கோட்டை, சிவகங்கை, இராமநாதபுரம் போன்ற கண்மாய்ப் பாசன மாவட்டங்கள் நம்பியிருப்பதும் இந்த மழையைத்தான். புரட்டாசிக் கடைசியில் தோண்டிய கால்வாய், புல் பிடிக்க நேரம் இல்லாமல் பச்சைப் புண்ணாக முதல் மழையை வாங்கும்.

மண்ணைக் கிளறும் வேலைகளை ஆடி, ஆவணியில் முடிப்பது நல்லது. இடையில் பெய்யும் வெப்பச்சலன மழையில் அருகம்புல் வேர் பிடித்துவிடும். நிதி தாமதமாக வந்து ஐப்பசியில்தான் வேலை என்றால், கால்வாயை முழு நீளத்துக்குத் தோண்டக் கூடாது. அடைப்பு உள்ள இடத்தையும் சிறுபால வாயையும் மட்டும் சரிசெய்துவிட்டு, மீதியைத் தைக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

எந்த மாதமானாலும், ஒரு நாளில் தொடங்கி அன்றே முடிக்கக்கூடிய நீளத்தை மட்டும் திறக்க வேண்டும். கிளறிப் போட்ட மண் ஓர் இரவு கிடந்தாலும், அந்த இரவில் மழை வந்தால் அவ்வளவும் போய்விடும்.

கால்வாய் தூர்வாரும்போது

முதல் விதி, கீழ்முனையிலிருந்து மேல்நோக்கி வேலை செய்வது. நீர் வெளியேறும் வாயைத் திறக்காமல் மேட்டுப் பக்கத்தைத் தோண்டினால், வழியில் தேங்கி வயலுக்குள் உடைத்துக்கொள்ளும்.

இரண்டாவது, வடிவம். ஜே.சி.பி. பக்கெட்டால் செங்குத்தாக வெட்டிய கால்வாயின் சுவர் முதல் மழையிலேயே சரியும். அடி தட்டையாகவும், பக்கங்கள் படுத்தவாறும் இருக்க வேண்டும். 1 அடி ஆழத்துக்கு ஒன்றரை முதல் 2 அடி வரை வெளியே சாய்ந்திருப்பது நல்ல சரிவு. இதனால் நீர் அகலமாகப் பரவி மெதுவாக ஓடும். கால்நடையும் இருசக்கர வாகனமும் தவறி இறங்கினாலும் பெரிய ஆபத்து இருக்காது.

மூன்றாவது, புல்லை வேரோடு செதுக்கக் கூடாது. நூறு நாள் வேலையில் மண்வெட்டியால் செதுக்கி, கால்வாயைத் துடைத்து வைத்ததுபோல் விட்டால் பார்க்கச் சுத்தமாக இருக்கும். ஆனால் பிடிமானம் இல்லாத அந்த மண் அடுத்த மழைக்குத் தாங்காது. புல் உயரமாக வளர்ந்து நீரைத் தடுத்தால், அரிவாளால் நான்கு விரல் உயரம் விட்டு அறுத்தால் போதும். அறுத்தது மாட்டுக்கு ஆகும். மண் மேடிட்டு அடைத்த இடத்தில் மட்டும் வண்டலை அள்ள வேண்டும். நீண்ட தூரம் தூர்வார நேர்ந்தால், 20 மீட்டர் தோண்டி 5 மீட்டர் புல்லோடு விட்டுத் தொடரலாம். விட்ட புல் பட்டை மேலிருந்து வரும் மண்ணை வடிகட்டும்.

நான்காவது, அள்ளிய மண். அதைக் கால்வாய்க் கரையில் வரப்பு மாதிரி குவிப்பதுதான் பல ஊர்களில் நடக்கும் தவறு. வயல் பக்கம் குவித்தால் மழையில் கரைந்து வயலுக்குப் போகும். சாலைப் பக்கம் குவித்தால் சாலை நீர் கால்வாயில் இறங்க முடியாமல் சாலை ஓரத்தையே அறுக்கும். மண்ணை அன்றன்றே டிப்பரில் ஏற்றி, நீர் ஓடாத மேட்டில் சேர்க்க வேண்டும். நல்ல சரளையாக இருந்தால் சாலையோரப் பட்டையில் நிரப்பி ரோலர் ஓட்டலாம். வரத்து வாய்க்கால் ஓரத்தில் ஒரு கூடை கூடப் போடக் கூடாது. வண்டி எடுத்துச் செல்லும் வேலை மதிப்பீட்டில் இருக்கிறதா என்று முன்பே கேட்பது அவசியம். மதிப்பீட்டில் இல்லாத வேலையை ஒப்பந்ததாரர் செய்ய மாட்டார்.

சாலையின் முதுகு

நீர் கால்வாயில் ஒழுங்காக இறங்க வேண்டுமானால் சாலையின் நடு உயர்ந்திருக்க வேண்டும். கிராவல் சாலைக்கு நூற்றுக்கு 4 பங்கு சரிவு பொருத்தமானது. கிராமச் சாலையின் வழக்கமான 3.75 மீட்டர் ஓடுதளத்துக்கு இது நடுவில் ஏழரை சென்டிமீட்டர், அதாவது 3 அங்குல உயரம். தார்ச் சாலைக்கு இதைவிடச் சற்றுக் குறைவாக இருந்தாலும் நீர் வடியும். இரண்டு ஓரத்துக்கும் நடுவே கயிற்றை இழுத்துப் பிடித்தாலே முதுகு இருக்கிறதா, படுத்துவிட்டதா என்று தெரிந்துவிடும்.

கிராவல் சாலையைச் சீவிச் சமன்செய்யும்போது மண்ணில் ஈரம் இருக்க வேண்டும். காய்ந்த மண்ணைச் சீவினால் நுண்மண் புழுதியாகப் பறந்து, சரளைக்குப் பிடிப்பு போய்விடும். தண்ணீர் தெளித்து, நிரவி, அன்றே ரோலர் ஓட்ட வேண்டும். சீவிய மண்ணை ஓரத்தில் வரம்பாக விட்டுப் போகாமல் நடுப்பகுதிக்கு இழுத்துப் பரப்ப வேண்டும்.

தார்ச் சாலையில் மேலே மேலே தார் போட்டு உயர்த்திவிட்டு ஓரத்தை அப்படியே விடுவதும் அரிப்புக்குக் காரணம். தார் விளிம்பிலிருந்து ஒரு சாண் கீழே விழும் நீர் அந்த இடத்தைக் குடையும். பிறகு விளிம்பே உடையும். தார் போடும்போதே 'பெர்ம்' என்று ஓவர்சீயர்கள் சொல்லும் ஓரப் பட்டையையும் சரளையால் நிரப்பி இறுக்கினால்தான் வேலை முழுமையாகும்.

நீரைச் சேர்க்காமல் பிரித்துவிடுவது

எல்லாவற்றிலும் அதிகப் பலன் தருவது இதுதான். ஓரக் கால்வாயிலிருந்து நீரை ஆங்காங்கே பக்கவாட்டில் பிரித்துவிடும் சிறு வாய்க்கால்கள் வெட்ட வேண்டும். மேலே சொன்ன கணக்கில் ஒரு பக்கத்துக்கு ஒன்றரை லட்சம் லிட்டர். 50 மீட்டருக்கு ஒரு பிரிவு வாய்க்கால் வைத்தால் 1 கிலோமீட்டருக்கு 20 வாய். ஒவ்வொன்றுக்கும் 7,500 லிட்டர்தான். அதைப் புல்வெளி தாங்கும். சரிவு கூடிய இடங்களில் 20 முதல் 30 மீட்டருக்கு ஒன்று தேவைப்படும்.

பிரிவு வாய்க்காலைச் செங்குத்தாகத் திருப்பாமல், ஓட்டத்தின் போக்கிலேயே சாய்வாக விலக்க வேண்டும். அடிச்சரிவு 10 மீட்டருக்கு ஒரு சாண் போதும். போகப் போக அகலமாக்கி, முடிவில் தரையோடு தரையாகப் பரவ விட வேண்டும். பிரியும் இடத்துக்குக் கீழே, ஓரக் கால்வாயின் குறுக்கே கல் அல்லது புல்கட்டியால் ஒரு தடை வைத்தால்தான் நீர் திரும்பும்.

நீரை எங்கே விடுவது என்பதில்தான் சண்டை வரும். புல் நிறைந்த புறம்போக்கு, தரிசு, புதர்க்காடு இவை முதல் தேர்வு. பட்டா நிலத்தில் விடுவதானால் உரியவர் சம்மதம் வேண்டும். வரப்பு பலமாக உள்ள மானாவாரி நிலக்காரர், பண்ணைக்குட்டை வைத்திருப்பவர் இந்த நீரை விரும்பிக் கேட்பதும் உண்டு. ஆனால் நாற்றங்கால், குடிநீர்க் கிணறு, ஆழ்துளைக் கிணறு, உயரமான கரைச் சரிவு ஆகிய இடங்களுக்கு நேராக விடவே கூடாது. சாலை நீரில் வண்டி எண்ணெயும் குப்பையும் கலந்திருக்கும்.

எந்த இடத்தில் பிரிப்பது என்று தெரிந்துகொள்ள எளிய வழி உண்டு. நல்ல மழை பெய்யும்போது குடையோடு சாலையில் ஒரு முறை நடந்து, நீர் எங்கே சேர்கிறது, எங்கே சாலையைக் கடக்கிறது, எங்கே கலங்குகிறது என்று பார்த்துக் குச்சி நட்டு வர வேண்டும். மழை விட்டதும் அந்த இடங்களில் சுண்ணாம்புக் குறி போட்டால் பொறியாளருக்குக் காட்ட வசதியாக இருக்கும்.

கால்வாயில் கல் தடுப்பு

பிரித்துவிட இடமே இல்லாத சரிவுகளில், கால்வாயின் குறுக்கே சிறு கல் தடுப்புகள் வைத்து வேகத்தைக் குறைக்கலாம். உயரம் ஒரு சாணைத் தாண்ட வேண்டாம். நடுப்பகுதி நான்கு விரல் தாழ்ந்திருக்க வேண்டும். சமமாக வைத்தால் நீர் இரண்டு பக்கமும் கரையைக் குடைந்துகொண்டு போய்விடும். இரு முனைகளையும் கரைக்குள் ஓர் அடி புதைக்க வேண்டும். நீர் விழும் பக்கத்தில் கல் பரப்ப வேண்டும்.

இடைவெளிக்கு ஒரு விதி உண்டு. கீழ்த் தடுப்பின் தலை, மேல்த் தடுப்பின் அடிக்குச் சமமட்டத்தில் இருக்க வேண்டும். கொத்தனாரின் டியூப் மட்டத்தை வைத்து 10 மீட்டரில் எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்தால் போதும். 20 சென்டிமீட்டர் இறக்கம் இருந்தால், 20 சென்டிமீட்டர் உயரத் தடுப்புகளை 10 மீட்டருக்கு ஒன்றாக வைக்கலாம். இறக்கம் 40 சென்டிமீட்டர் என்றால் 5 மீட்டருக்கு ஒன்று. தடுப்புக்குப் பின்னால் மண் நிரம்பியதும் அதை அள்ளிவிடாமல் புல் வளர விட்டால், கால்வாய் படிக்கட்டுபோல் நிலைத்துவிடும்.

சிறுபாலமும் மண் பிடிக்கும் குழியும்

கல்வெர்ட் என்று சொல்லப்படும் சிறுபாலத்தின் குழாய், ஓடையின் இயல்பான மட்டத்தில் இருக்க வேண்டும். தரைக்கு மேலே தொங்கினால் அருவிபோல் விழுந்து கீழே கிடங்கு பறிக்கும். குழாய் வாயிலிருந்து, அதன் விட்டத்தைப்போல் 4 மடங்கு நீளத்துக்குப் பெரிய கற்களைப் பரப்புவது நல்லது. 60 சென்டிமீட்டர் குழாய்க்கு இது ஏறத்தாழ இரண்டரை மீட்டர்.

நீர் உள்ளே போகும் பக்கத்தில் மண் பிடிக்கும் குழி ஒன்று வெட்டலாம். 8 அடி நீளம், 4 அடி அகலம், 3 அடி ஆழம் இருந்தால் ஏறத்தாழ 1 யூனிட் மண் பிடிக்கும். நீளம் நீரோட்டத்தின் திசையில் இருக்க வேண்டும். பாதி நிரம்பியதும் அள்ளிவிட வேண்டும். நிரம்பிய குழியால் பயன் இல்லை. பருவ மழைக் காலத்தில் ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் பார்ப்பதற்கு ஓர் ஆளைப் பொறுப்பாக்க வேண்டும். குழி சாலை விளிம்பை ஒட்டி இருக்கக் கூடாது. ஒரு பக்கம் படிபோல் சரித்துவிட்டு, சுற்றிலும் முள்வேலியும் வெள்ளை அடித்த கல்லும் வைப்பது அவசியம். நீர் நிறைந்த குழி குழந்தைகளுக்கும் ஆடுமாடுகளுக்கும் ஆபத்து.

இந்தக் குழியில் சரளையும் மணலும்தான் நிற்கும். களிமண் நீரில் மிதந்துகொண்டே போகும். குழியைத் தாண்டிய நீர் சிவப்பாகவே இருக்கிறது என்றால் குழி கெட்டுவிட்டது என்று பொருளில்லை. களிமண்ணை வடிகட்டப் புல் பட்டை வேண்டும். அதைவிட முக்கியமாக, மேலேயே மண்ணைக் கிளறாமல் இருக்க வேண்டும்.

கரையைப் பிடிக்கும் செடிகள்

கால்வாயின் அடியில் அருகம்புல் போதும். கரைச் சரிவில் கொழுக்கட்டைப் புல் விதைக்கலாம், தீவனமும் ஆகும். உயரமான கரைகளுக்கு வெட்டிவேர் சிறந்தது. நீரோட்டத்துக்குக் குறுக்காக, 10 முதல் 15 சென்டிமீட்டருக்கு ஒரு தூர் என்று நெருக்கமாக நட்டால்தான் வேலிபோல் சேர்ந்து மண்ணை நிறுத்தும். மழை தொடங்கும் நேரத்தில் நட்டு, முதல் ஆண்டு காய்ந்த தூர்களை மாற்றி நட வேண்டும். வேருக்கு விலை இருக்கிறதே என்று சாலைக் கரையில் தோண்டி எடுத்தால் கரையே போய்விடும். வேர் விற்க வேண்டுமானால் அதற்குத் தனி இடத்தில் பயிரிட வேண்டும். வளைவுகளில் உயரமாக வளரும் எதையும் நடக் கூடாது. எதிரே வரும் வண்டி தெரியாது.

கரையில் உள்ள சீமைக்கருவேலத்தை ஒரே நாளில் வரிசையாகப் பிடுங்குவதும் மண்ணைத் தளர்த்தும். பகுதி பகுதியாக எடுத்து, எடுத்த பள்ளத்தை இறுக்கி உடனே புல் நட வேண்டும்.

நிலக்காரர்கள் செய்ய வேண்டியது

அரசு வேலையில் மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. சாலைக் கரையின் அடிவரை ஏர் ஓட்டுவது, கரை மண்ணை வெட்டி வரப்புக்குப் போடுவது, குழாய் பதிக்கச் சாலையை அறுத்துவிட்டு இறுக்காமல் மூடுவது, நீர் தன் வயலுக்கு வரக் கூடாதென்று சிறுபாலத்தைச் சாக்கு வைத்து அடைப்பது எல்லாம் ஊர்களில் நடக்கின்றன. அடைத்த நீர் வேறு எங்காவது உடைத்துக்கொண்டுதான் போகும். சாலைக்கும் உழவுக்கும் இடையே ஓர் ஏர்க்கால் அகலமாவது புல் பட்டையாக விட்டுவைத்தால், இழக்கும் விளைச்சலைவிட மிஞ்சும் மண் அதிகம்.

யாரிடம் கேட்பது?

முதலில் சாலை யாருடையது என்று தெரிய வேண்டும். ஊராட்சிச் சாலையும் ஒன்றியச் சாலையும் ஊரக வளர்ச்சித் துறையின் பொறுப்பு. வட்டார வளர்ச்சி அலுவலரையும் ஒன்றியப் பொறியாளரையும் அணுக வேண்டும். மாவட்டச் சாலைகளுக்கு நெடுஞ்சாலைத் துறை. 2000 டிசம்பரில் தொடங்கிய பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தில் போட்ட சாலை என்றால், வேலை முடிந்த பிறகு 5 ஆண்டுகளுக்குப் பராமரிப்பதும் அதே ஒப்பந்ததாரரின் கடமை. சாலை தொடங்கும் இடத்தில் உள்ள பலகையில் விவரம் இருக்கும்.

கண்மாயின் ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் நீர்வளத் துறையும், அதற்குக் குறைவு என்றால் ஊராட்சி ஒன்றியமும் பொறுப்பு. வரத்து வாய்க்காலில் மண் விழும் என்பதை அவர்களுக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பிரிவு வாய்க்கால், கல் தடுப்பு போன்றவற்றுக்கு வேளாண்மைப் பொறியியல் துறையின் உதவிப் பொறியாளரை இடத்துக்கு அழைத்துக் காட்டி யோசனை கேட்கலாம். பதில் வராவிட்டால், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மனு கொடுக்கலாம்.

அக்டோபர் 2 கிராம சபையில் பேசினால் நேரம் கடந்துவிடும். மழை வாசலில் நிற்கும். ஆகஸ்ட் 15 கிராம சபையே சரியான இடம். வாய்ப்பேச்சாக விட்டுவிடாமல் தீர்மானமாக எழுத வைக்க வேண்டும். அதற்கு ஒரு மாதிரி:

'இவ்வூராட்சியில் நடைபெறும் சாலைப் பராமரிப்பில் (1) மண் வேலைகளைச் செப்டம்பர் இறுதிக்குள் முடிக்கவும், (2) ஓரக் கால்வாயைச் சரிவான பக்கங்களுடன் அமைத்து, அடைப்பு இல்லாத இடங்களில் புல்லை வேரோடு அகற்றாமல் இருக்கவும், (3) அள்ளிய மண்ணை அன்றே அப்புறப்படுத்தவும், வரத்து வாய்க்கால் ஓரம் கொட்டாமல் இருக்கவும், (4) நீரைப் பிரித்துவிடும் வாய்க்கால்களைக் குறியிட்ட இடங்களில் அமைக்கவும், (5) சிறுபால வாயில் மண் பிடிக்கும் குழி அமைத்து மழைக்காலத்தில் தூர்வாரவும், இவற்றை மதிப்பீட்டில் சேர்க்கவும் இச்சபை கேட்டுக்கொள்கிறது.'

மண்ணைக் கிளறாத வேலைகளான புல் அறுப்பு, புல் நடவு, குழி தூர்வாருதல் போன்றவற்றை நூறு நாள் வேலையில் சேர்க்க முடியுமா என்றும் அதே சபையில் கேட்கலாம். ஆயக்கட்டுதாரர்கள் பத்துப் பேர் சேர்ந்து நின்றால், அது தனி ஒருவரின் வயல் தகராறாகத் தெரியாது.

கேள்வி: சாலையிலிருந்து வந்த மண் வயலில் படிந்துவிட்டது. அப்படியே உழுதுவிடலாமா?
– வாசகர், சிவகங்கை மாவட்டம்

பதில்: எந்த மண் என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். சரளையும் கல்லும் கலந்திருந்தால் உழக் கூடாது. உழுதால் அது நடவு அடுக்கோடு கலந்து, பிறகு பிரிக்கவே முடியாது. ஈரம் சற்று வடிந்து, கால் புதையாத பதம் வந்ததும் மேலாகச் சுரண்டி அள்ளிவிட வேண்டும். தார்த்துண்டு, எண்ணெய் கலந்த மண்ணுக்கும் இதே முறை.

ஓர் அங்குலத்துக்குள் மெல்லிய வண்டலாக மட்டும் இருந்தால், தொழு உரம் சேர்த்து உழுதுவிடலாம். அதற்கு முன் 15 சென்டிமீட்டர் ஆழம் வரை மண் மாதிரி எடுத்து மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துப் பார்ப்பது நல்லது.

நாற்றங்காலில் படிந்தால் நேரம் முக்கியம். நாற்றின் நுனி சேற்றுக்கு மேலே தெரிந்தால், நீரை உடனே வடித்து, தெளிந்த நீர் தெளித்து இலையைக் கழுவிவிட்டால் பிழைத்துக்கொள்ளும். குருத்தே மூடியிருந்தால் அழுகிவிடும். காத்திருக்காமல் மறு விதைப்புக்குப் போக வேண்டும். பருவம் தள்ளிப்போயிருந்தால், அந்த நேரத்துக்கு ஏற்ற குறுகிய கால ரகம் எது, விதை இருப்பு உண்டா என்று வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். சேதத்தைப் படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலருக்கும் உதவி வேளாண்மை அலுவலருக்கும் அன்றே தெரிவித்து வைப்பது பிறகு உதவும்.

கேள்வி: மலையில் எங்கள் சாலையின் கால்வாய் நீரை, சரிவில் குழி வெட்டி ஊறவைக்கலாம் என்கிறார்கள். செய்யலாமா?
– வாசகர், கொல்லிமலை

பதில்: கூடாது. சமவெளியில் நல்லது செய்யும் உறிஞ்சு குழி, செங்குத்தான மலைச் சரிவில் ஆபத்தாகும். சாலைக்காக மண் நிரப்பிய வெளிப்பக்கச் சரிவில் நீர் ஊறினால், மண் கனத்துப் பிடிப்பை இழந்து சாலையோடு சேர்ந்து சரியும். மலைச் சாலையின் நீரைக் குறுகிய தூரங்களில் குழாய் வழியே கடத்தி, பாறை அல்லது கல் பரப்பிய இயற்கை ஓடையில்தான் இறக்க வேண்டும். வெட்டிய மண்ணை வெளிச்சரிவில் தள்ளிவிடுவதையும் அனுமதிக்கக் கூடாது. அது கீழே உள்ள காபி, மிளகுத் தோட்டத்தில் வந்து நிற்கும். ஓடையில் விழுந்தால் அடிவாரம்வரை போகும். சரிவில் புதிய விரிசலோ, மரங்கள் ஒரே பக்கம் சாய்வதோ தெரிந்தால் சாலைத் துறைக்கும் வருவாய்த் துறைக்கும் உடனே தகவல் சொல்லி, மழை நேரத்தில் அந்த இடத்துக்குக் கீழே யாரும் தங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.